மீதி இருபது மணி நேரம்: வாலிபால் ஆடும் பிள்ளையை ஊரில் வைப்பதா, விடுதிக்கு அனுப்புவதா?

முழுப்பரீட்சை முடிகிற சமயத்தில் எங்கள் கிரவுண்டுக்கு வருடா வருடம் யாராவது ஒரு அப்பா வந்து நிற்பார். வெளியே ஓடுகிற பந்தை எடுத்துப் போட்டபடி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பார். அப்புறம் பக்கத்தில் வந்து, "சார், விடுதி செலக்‌ஷன் வருதாமே, பையன அனுப்பலாமா?" என்று கேட்பார். இந்த வருடம் வந்தவர் ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்ப்பவர். மகன் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறான். வயது பன்னிரண்டரை, உயரம் 166 செ.மீ., நீளமான கைகள். ஸ்மாஷ் அடிக்க இன்னும் சரியாக வராது. ஆனால் பந்து எங்கே விழப்போகிறது என்று அவன் கால்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. அதை யாரும் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

நான் உடற்கல்வி ஆசிரியர். திருச்செந்தூர் பக்கம், தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரத்தில் ஒரு ஊரில் இருபது வருடத்துக்கு மேலாக மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எங்கள் கிரவுண்டிலிருந்து விடுதிக்குப் போனவர்கள் உண்டு. ஊரிலேயே இருந்து கல்லூரி டீமுக்கு ஏறியவர்கள் உண்டு. தனியார் பள்ளிகள் அழைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. சிலர் இன்று ரயில்வேயிலும் காவல்துறையிலும் இருக்கிறார்கள். சிலருடைய ஆட்டம் பதினேழு வயதில் முழங்காலோடு முடிந்துபோனது. யார் எந்த வழியில் போய் எப்படி ஆனார்கள் என்று பார்த்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வழி, ஊரில் இருப்பது. பகலில் பள்ளிக்கூடம், மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை கிரவுண்ட், இரவு வீட்டுச் சாப்பாடு. அக்கறையுள்ள பி.டி. சார் அமைந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் ஊர் அண்ணன்மார்களே வாத்தியார்.

இரண்டாவது, அரசு விளையாட்டு விடுதி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் பிள்ளைகளைச் சேர்க்கிறது. மாவட்ட அளவில் ஒரு தேர்வு, அதில் வந்தால் மாநில அளவில் ஒரு தேர்வு. தங்குமிடம், சாப்பாடு, சீருடை, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. படிப்பு பக்கத்திலுள்ள பள்ளியில். விடியற்காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி இருக்கும்.

மூன்றாவது, தனியார் பள்ளி. நல்ல உயரமுள்ள பிள்ளையைக் கண்டால் கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் நம் மாநிலத்தில் நிறைய இருக்கின்றன. பள்ளி பெயரில் கோப்பை வர வேண்டும், அதுதான் எதிர்பார்ப்பு. சில இடங்களில் மரத்தளம் போட்ட உள்ளரங்கமே இருக்கிறது.

நாலாவதாக நகரங்களில் மாதக் கட்டணம் வாங்கி வாரம் இரண்டு மூன்று நாள் கற்றுத்தரும் அகாடமிகளும் உண்டு. பத்து வயதுப் பிள்ளை ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ள அது போதும். அதற்கு மேல் என்ன செய்வது என்ற கேள்வி வரும்போது மறுபடி இந்த மூன்று வழிதான்.

எந்த வழியைப் பார்க்கும்போதும் பெற்றோர் முதலில் கேட்பது "கோச் யாரு, கோர்ட் எப்படி, எத்தனை மணி நேரம் ட்ரெய்னிங்" என்றுதான். நான் கேட்பது வேறு. பயிற்சி என்பது எங்கே போனாலும் நாளைக்கு இரண்டிலிருந்து நாலு மணி நேரம். மீதி இருபது மணி நேரம் அந்தப் பிள்ளை என்ன சாப்பிடுகிறான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான், அவன் முகம் வாடினால் கவனிக்க யார் இருக்கிறார்கள்? உடம்பும் மனசும் வளர்வது அந்த நேரத்தில்தான். மூன்று வழிகளையும் நான் எடைபோடுவது அதை வைத்துத்தான்.

முதலில் முழங்காலைப் பார்ப்போம். பையன்கள் வேகமாக உயருவது பெரும்பாலும் பதின்மூன்றிலிருந்து பதினைந்து வயதுக்குள். பெண் பிள்ளைகளுக்கு அது பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்குள் வந்துவிடும். அந்தக் கட்டத்தில் ஒரே வருடத்தில் 8 முதல் 10 செ.மீ. உயருகிற பையன்கள் உண்டு. எலும்பு முதலில் நீண்டுவிடும், தசையும் தசைநாரும் பின்னால்தான் வந்து சேரும். முழங்கால் சில்லிலிருந்து இறங்கும் தசைநார் கீழே முன்னங்கால் எலும்பில் போய் ஒட்டுகிற இடம், வளரும் வயதில் இன்னும் முழுசாக எலும்பாகாத இளம் பகுதி. எகிறும்போதெல்லாம் தசைநார் அதைப் பிடித்து இழுக்கும். இழுத்து இழுத்து அந்த இடம் வீங்கி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முண்டு தட்டும். மருத்துவர்கள் இதை ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஓய்வு கொடுக்காமல் ஆடவைத்தால் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்.

எங்கள் கிரவுண்டில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இது வந்தது. அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீமிலிருந்து எடுத்துவிடுவேனோ என்று பயம். கண்டுபிடித்தது அவனுடைய அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் முழங்கால் போட்டபோது இவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்திருக்கிறான். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அவனைக் கையோடு என்னிடம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டிரவுசரைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு காலிலும் முண்டு. நான் நாள்தோறும் இரண்டு மணி நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து பந்து வைக்கிற அறையின் சுவரில் எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும் மாதம் ஒருமுறை பென்சிலால் கோடு போட்டுக் குறிக்கிறேன். கோடு திடீரென்று வேகமாக ஏற ஆரம்பித்தால் அந்தப் பிள்ளைக்கு எகிறும் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிடுவேன். அந்த மாதங்களில் அடிக்கிறவனுக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கிற செட் போடுவது, எதிர்ப்பக்கத்துச் சர்வீஸை ரிசீவ் எடுப்பது, சர்வீஸ் போடுவது, இதுதான் வேலை. முண்டு தட்டிய அந்தப் பையன் மூன்று மாதம் எகிறாமல் செட் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தான். அதில் விரல் பழகி, கடைசியில் கல்லூரிக்குச் செட்டராகவே ஆடினான்.

இந்த இடத்தில் வீடு ஜெயிக்கிறது. விடுதியில் ஒரு பயிற்சியாளர் பொறுப்பில் இருபது பிள்ளைகளுக்கு மேல் இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே பயிற்சி, காலையும் மாலையும். அக்கறையுள்ளவர்கள்தான், நானே பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பையன் இந்த மாதம் எத்தனை செ.மீ. உயர்ந்தான் என்று கணக்கு வைத்து அவனுக்கு மட்டும் பயிற்சியை மாற்றுவது அவர்களுக்கு எளிதில்லை. தனியார் பள்ளியில் சிக்கல் இன்னும் கூடுதல். அங்கே வருடம் முழுக்கப் போட்டி. மண்டலம், மாவட்டம், மாநிலம் என்று ஒன்று முடிந்தால் இன்னொன்று. வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த வருடம் கட்டணச் சலுகை இருக்குமோ இருக்காதோ என்று பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அப்படி வாயை மூடிக்கொண்டு ஆடிய ஒருவன் கிழிந்த ஜவ்வோடு ஊருக்குத் திரும்பியதை நான் பார்த்தேன். பதினோராம் வகுப்புப் பாதியில் அந்தப் பள்ளி அவனிடம் முழுக் கட்டணம் கேட்டது. அதனால் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு: பிள்ளைக்கு அடிபட்டு ஒரு வருடம் ஆட முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று சேர்க்கும் அன்றே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

அதற்காக ஊர் என்றாலே உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட முடியாது. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் நம் பக்கம் மின்னொளி கைப்பந்துப் போட்டி நடக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் சுழற்கோப்பை கொடுக்கும்போது கோழி கூவிவிடும். பதினாலு வயதுப் பையன் ஒரே ராத்திரியில் நாலு மேட்ச் ஆடுவான். அதுவும் பெரியவர்களோடு, 2.43 மீட்டர் வலையில். காலையில் தூங்கிவிட்டு மறுநாள் பக்கத்து ஊருக்குப் போவான். அந்த வயதுக்கு இரவில் எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். வளர்ச்சிக்கான சுரப்பு ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. பதினாறு வயது ஆகாதவர்களை நான் மின்னொளிப் போட்டிக்கு விடுவதில்லை. இதில் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு இன்றைக்கும் என் மேல் வருத்தம்தான்.

வலை உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீட்டர் என்பது பெரியவர்களுக்கான அளவு. 150 செ.மீ. உயரமுள்ள பையனை 2.43 வலையில் அடிக்கவிட்டால் அவன் பந்தை அடிக்க மாட்டான், மேலே தள்ளுவான். முழங்கை கீழே விழுந்த அந்த வீச்சு பழகிவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. தோள்வலியும் அங்கிருந்துதான் தொடங்கும். எங்கள் கம்பத்தில் நாலு உயரத்தில் கொக்கி வைத்திருக்கிறோம், சின்னப் பிள்ளைகளுக்கு 2.10. ஊர் கிரவுண்டில் இதைச் செய்ய வெல்டிங் கூலி மட்டும்தான் செலவு. தோளுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கம்பத்தில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து வெளிப்பக்கமாக இழுக்கச் சொல்வேன். இறங்குவதற்கு என் பாடம் ஒன்றே ஒன்று: இரண்டு காலிலும் இறங்கு, சத்தம் வராமல் இறங்கு. சில நாள் நான் திரும்பி நின்றுகொண்டு காதால் மட்டும் கேட்பேன். தொம்மென்று சத்தம் வந்தால் யார் என்று பார்க்காமலே "மடக்கு, முட்டியை மடக்கு" என்பேன். தேரி மண்ணும் எங்களுக்குத் துணை. சிமென்ட் தளத்தில் விழுகிற அடி அந்தச் சிவப்பு மணலில் முழங்காலுக்கு வராது.

இன்னொன்றும் ஊரில்தான் சுலபம். வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருடத்தில் இரண்டு மூன்று மாதம் வேறு ஆட்டம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரே அசைவை வருடம் முழுக்கச் செய்தால் ஒரே இடம் தேயும். எங்கள் பிள்ளைகள் கோடையில் கிணற்றில் குதிக்கிறார்கள், கபடி ஆடுகிறார்கள், கடலில் நீந்துகிறார்கள். அதை யாரும் பயிற்சி என்று சொல்வதில்லை. ஆனால் தோளுக்கும் இடுப்புக்கும் அதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது.

இவ்வளவு நேரம் ஊருக்காகவே பேசிவிட்டேன். சாப்பாடு என்று வந்தால் தராசு அப்படியே சாய்ந்துவிடும்.

பள்ளியில் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதியச் சத்துணவில் முட்டை வரும், அது பெரிய புண்ணியம். ஆனால் வளரும் வயதில் ஓடி ஆடுகிற பையனுக்கு ஒரு முட்டை எந்த மூலைக்கு? ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 50 கிலோ எடையுள்ள, தினமும் ஆடுகிற பிள்ளைக்கு நாளைக்கு 60 கிராமுக்கு மேல் வேண்டும். எங்கள் பக்கம் சாளை மீன் மலிவு, நிலக்கடலை கிடைக்கும், பயறு கிடைக்கும். சமைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தால் ஊர்ச் சாப்பாட்டிலேயே சரிக்கட்டிவிடலாம். காலையிலேயே வேலைக்குப் போகிற குடும்பங்களில் அது நடப்பதில்லை. விடுதியில் பால், முட்டை, இறைச்சி நேரத்துக்கு வந்துவிடும். ஏழாம் வகுப்பில் விடுதிக்குப் போன பையன்கள் முதல் லீவுக்கு வரும்போது பார்த்திருக்கிறேன். கன்னம் நிறைந்து, தோள் விரிந்து வேறு பிள்ளை மாதிரி நிற்பார்கள். பயிற்சி அதற்குக் காரணம் இல்லை, ஆறு மாதத்தில் பயிற்சி அவ்வளவு செய்யாது. மூன்று வேளைச் சோறு செய்த வேலை அது.

இனி மனசு. இந்த ஆட்டத்தில் பந்தைப் பிடித்து நிறுத்தி யோசிக்க முடியாது. கால்பந்தில் தவறான பாஸ் கொடுத்தால் ஓடிப்போய்ப் பறித்துக்கொள்ளலாம். இங்கே நீ தவறவிட்டால் எதிராளிக்குப் புள்ளி. முன்பெல்லாம் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்கு மட்டும்தான் புள்ளி கிடைக்கும். 1999 வாக்கில் விதி மாறி, ஒவ்வொரு ராலியும் யாருக்காவது ஒரு புள்ளி என்று ஆனது. அதனால் தவறுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவே கிடைக்கிற அந்தச் சில நொடிகளில் மனசைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்தவன்தான் ஆட்டக்காரன். விசிலுக்குப் பிறகு சர்வீஸ் போட 8 நொடி உண்டு. என் பிள்ளைகளுக்கு அதை முழுசாகப் பயன்படுத்தச் சொல்கிறேன். இரண்டு தடவை பந்தைத் தட்டு, மூச்சை நீளமாக விடு, எங்கே போடப்போகிறாய் என்று அந்த இடத்தைப் பார், அப்புறம் போடு. 5-3 என்றாலும் 24-24 என்றாலும் இதே வரிசை. பயிற்சியிலேயே தினமும் செய்தால்தான் மேட்சில் கை நடுங்காது.

இதை எங்கே நன்றாகக் கற்கலாம்? விடுதி ஒரு விஷயத்தில் உசத்தி. தன்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் நடுவே இருப்பது. ஊரில் ராஜாவாக இருந்தவன் அங்கே பன்னிரண்டாவது ஆள். பதினைந்து வயதுப் பையன் முதல் இரண்டு மாதம் உடைந்துபோவான், அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு உழைப்பான், ஒரு வருடத்தில் வேறு ஆளாகிவிடுவான். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. தான் ஏன் பெஞ்சில் இருக்கிறோம் என்பதை உயரமும் வயதும் வைத்துப் பார்க்கத் தெரியாது. நமக்கு ஆட வராது என்று முடிவுகட்டிவிடுவான். ஏழாம் வகுப்பில் நான் அனுப்பிய ஒரு பையன் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு திரும்பி வந்துவிட்டான். போனில் அவன் அழவே இல்லையாம். "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தானாம். நேரில் போன அப்பாதான் அவனுடைய தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறார். அந்தப் பையன் மறுபடி பந்தைத் தொட ஒரு வருடம் ஆனது. அவசரப்பட்டு அனுப்பியது என் தவறு.

ஊரில் மனசுக்கு வேறு வகை ஆபத்து. பெரியவர்களோடு ஆடும்போது ரிசீவ் போனால் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அந்தத் திட்டில் வளர்ந்து கல்லாகிப் போனவர்களைப் பெருமையாகப் பேசுவது நம் வழக்கம். திட்டுக்குப் பயந்து கிரவுண்டுப் பக்கமே வராமல் போனவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு விடுதியோ பள்ளியோ நல்லதா என்று தெரிந்துகொள்ள என்னிடம் ஒரு வழி இருக்கிறது. பயிற்சி நடக்கும்போது போய் ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் கேளுங்கள். வாலிபால் பேசி ஆடுகிற ஆட்டம். "எனக்கு", "விடு விடு", "அவுட்டு", "பின்னாடி பாரு" என்று பிள்ளைகளின் குரல் விடாமல் வர வேண்டும். பயிற்சியாளரின் குரல் மட்டும் கேட்டு, பிள்ளைகள் ஊமையாக ஆடினால் அங்கே பயம் இருக்கிறது. பயந்த பிள்ளை முதலில் நிறுத்துவது பேச்சைத்தான். எகிறுவதும் அடிப்பதும் அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான் குறையும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு எல்லாமே வேறு. பையன்களுக்கு ஊர் கிரவுண்ட் என்று ஒரு வழி இருக்கிறது. பெண் பிள்ளைக்குப் பல ஊர்களில் அந்த வழியே கிடையாது. பள்ளி டீம் கலைந்து வீட்டுக்கு வந்தால் மாலையில் ஆட இடமில்லை, கூட ஆட ஆளில்லை, இருட்டியபின் வெளியே நிற்க முடியாது. வயதுக்கு வந்ததும் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் வேகமாக வளரும் கட்டமும் பன்னிரண்டு பதின்மூன்றோடு முடிந்துவிடுவதால், கூடுதல் பயிற்சியை அவர்கள் உடம்பு பையன்களைவிட முன்னதாகவே தாங்கும். அதனால் பெண் பிள்ளை என்றால் எட்டாம் வகுப்பிலேயே விடுதிக்கு அனுப்பலாம் என்பது என் கருத்து. ஆனால் போய்ப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். பெண் வார்டன் இரவிலும் அங்கேயே தங்குகிறாரா, மாதவிலக்கு நாளில் வலி என்று சொன்னால் கேட்க ஒரு பெண் இருக்கிறாரா, கழிப்பறை எப்படி இருக்கிறது என்று அம்மாவே நேரில் பார்க்கட்டும். இரத்தசோகையையும் பரிசோதித்துவிடுங்கள். சோம்பேறி என்று பெயர் வாங்கிய பெண் பிள்ளைகள் சிலருக்கு உண்மையில் இரத்தம்தான் குறைவாக இருந்தது. பள்ளியில் வாரம் ஒருமுறை தருகிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பிட்டாலே பாதி மாற்றம் தெரியும். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்வது பெண் பிள்ளைகளிடம் அதிகம். ஜவ்வு கிழிவது அப்படித்தான். இறங்கும் பயிற்சி அவர்களுக்கு இரண்டு மடங்கு வேண்டும்.

கோர்ட்டில் யார் எந்த இடத்தில் ஆடுவது என்பதைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் உயரமாக இருக்கிறான் என்று, வலையோரம் எதிராளியின் அடியைத் தடுக்கிற பிளாக்கராகவே நிறுத்திவிடுகிற பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு, தனியார் பள்ளிகளில் அதிகம். இன்றைக்குக் கோப்பை வேண்டுமே. அவன் சீக்கிரம் வளர்ந்தவன், அவ்வளவுதான். பதினேழில் மற்றவர்கள் அவனைத் தாண்டிவிட்டால், ரிசீவும் செட்டும் தெரியாத குட்டைப் பிளாக்கராக நிற்பான். பதினைந்து வயது வரை எல்லோரும் ஆறு இடத்திலும் ஆட வேண்டும். உயரம் குறைந்த பிள்ளைகளும் ஒதுங்க வேண்டியதில்லை. 1998இல், பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே ஆடுகிற லிபரோ வந்தபிறகு அவர்களுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. செட்டருக்கும் உயரத்தைவிட விரலும் மூளையும்தான் முக்கியம்.

சிறுவயதுக் கோப்பைக்காக அவசரப்படுவதன் விலையை நம் நாடு முழுக்கவே பார்த்திருக்கிறோம். 2003இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் இந்தியப் பையன்கள் வெள்ளி வாங்கினார்கள். இறுதியில் தோற்றது பிரேசிலிடம். அவ்வளவு திறமை இருந்தும், ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் அணி கடைசியாகப் பதக்கம் வாங்கியது 1986 சியோலில்தான். 2023இல் ஹாங்சோவில் தென் கொரியாவையே வீழ்த்தி ஆறாவது இடம் வரை வந்தார்கள். பதினெட்டு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் நடுவே நம் பிள்ளைகளை எங்கோ தொலைக்கிறோம். அதில் ஒரு பங்கு பதினாலு வயதில் தேய்த்துவிட்ட முழங்கால்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படிப்பு, வேலை என்ற கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வங்கி, வருமானவரி அலுவலகம் போன்றவையும் எடுக்கின்றன. அங்கெல்லாம் பேசுவது பல்கலைக்கழக, மாநில, தேசிய அளவிலான சான்றிதழ். எட்டாம் வகுப்புச் சான்றிதழை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பில் மட்டும் கவனம் வேண்டும். விடுதிப் பிள்ளைகள் போட்டிக்குப் போய்விட்டு வரும்போது கணக்கில் இரண்டு பாடம் ஓடியிருக்கும். அதை உட்கார்ந்து சொல்லித்தர அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்து நான் வைத்திருக்கும் வழக்கம் இது. பையன் என்றால் எட்டாம் வகுப்பு வரை ஊரில். ஒன்பதிலோ பதினொன்றிலோ விடுதி. பதினொன்றில் போனால் தாமதமில்லையா என்று கேட்பார்கள். நல்ல வீச்சும் நல்ல முழங்காலும் இருக்கிற பதினாறு வயதுப் பையனை எந்த விடுதியும் வேண்டாம் என்று சொல்லாது. பெண் பிள்ளை என்றால் எட்டில். தனியார் பள்ளிக்கு, எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு, பத்தாம் வகுப்பு முடித்தபின். இதைத்தான் உப்பளத்துக்காரரிடமும் சொல்ல வாய் திறந்தேன். "அண்ணாச்சி, இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் போகட்டும்" என்றேன்.

அவர் தலையாட்டினார். போவதற்கு முன்னால் பேச்சோடு பேச்சாக, "காலையில என்னப்பா சாப்பிட்ட?" என்று பையனிடம் கேட்டேன். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பாதான் பதில் சொன்னார். அவரும் மனைவியும் விடியற்காலை மூன்று மணிக்கே உப்பளத்துக்குக் கிளம்பிவிடுவார்களாம். பையன் தானே எழுந்து, பழைய சோறு இருந்தால் சாப்பிட்டுவிட்டு, இல்லையென்றால் கட்டன் காப்பியோடு பள்ளிக்கூடம் போய்விடுவானாம். மதியம் சத்துணவு. மாலையில் நேராக கிரவுண்ட். ராத்திரி அம்மா வந்து உலை வைத்துச் சோறாக ஒன்பதரை ஆகும். சில நாள் அதற்குள் தூங்கிவிடுவானாம்.

ஒன்பது மாதமாக அந்தப் பையன் என் கிரவுண்டில் வெறும் வயிற்றோடு எகிறிக்கொண்டிருந்திருக்கிறான்.

சொன்னதை அங்கேயே மாற்றிக்கொண்டேன். மாவட்டத் தேர்வுக்கு அனுப்பலாம், எட்டாம் வகுப்பிலேயே போகட்டும் என்றேன். மூன்று வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு முழங்காலைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆனால் சில ஏற்பாடுகள் பேசிக்கொண்டோம். முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பது. அவருக்கு முடியாத வாரம் நான் போகிறேன். போனால் முதலில் தட்டைப் பார்ப்பது, அப்புறம் முழங்காலைத் தொட்டுப் பார்ப்பது. விடுதிப் பயிற்சியாளரிடம் இவன் வளர்கிற கட்டத்தில் இருக்கிறான் என்று நானே பேசிச் சொல்வது. வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றினால் எந்த நாளும் திரும்பி வரலாம், என் கிரவுண்டில் அவன் இடம் இருக்கும் என்பதை அவன் காதுபடச் சொன்னேன். தேர்வு முடியும் வரை காலையில் என் வீட்டில் இட்லியும் முட்டையும். அதற்கு அப்பா கொஞ்சம் கூச்சப்பட்டார். "எம்புள்ளைகளோட சேர்ந்துதான சாப்பிடப்போறான்" என்றேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு வாசலில் வந்து நின்றான். சாப்பிட்டு முடித்ததும் பந்து அறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரோடு நிறுத்தினேன். போன மாதக் கோட்டுக்கு மேலே 1.2 செ.மீ. பக்கத்தில் தேதி எழுதிவிட்டு, இன்றிலிருந்து உனக்கு செட்டிங்தான் என்றேன். சரி சார் என்று பந்தை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனான்.